துவைத்த தூசி

தெருவில் அவளுக்குக் கந்தல்காரி என்று பெயர். ஓவியம் படித்தவள்தான், ஆனால் தூரிகையை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டாள். வெள்ளைத் துணியை நனைத்து வீட்டுக்கு வீடு ஜன்னலில் கட்டுவாள். சிமெண்ட் ஆலைத் தூசி அதில் அப்பிக்கொள்ளும். கம்பி மறைத்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். அந்தந்த வீட்டு இருமலையும் பதிவு செய்து, துணிக்குப் பின்னால் ஒலிக்க விடுவாள். இரண்டும் சேர்ந்தால்தான் அவளுக்கு அது படம்.

ஒரு சிட்டிகைத் தூசிகூட வெளியே போவதில்லை என்று ஆலைக்காரர்கள் கூசாமல் சொல்லி வந்தார்கள். அந்தப் பொய்யை நாளைய கண்காட்சியில் உரித்துக் காட்ட வேண்டும். அதற்குள் கலைக்கூட மேலாளர் போனில் குழைந்தார்.

"துணி அருமைங்க. அந்த இருமல் மட்டும் வேண்டாமே. வர்றவங்க முகம் சுளிப்பாங்க."

"இருமுறவங்களைப் பார்த்தா, இரும வைக்கிறவனைப் பார்த்தா?"

"ஒலிபெருக்கி கிடையாதுங்க," என்று வைத்துவிட்டார்.

கொதிப்போடு பின்கட்டுக்குப் போனால், கோடை முழுக்கச் சேர்த்த துணிகளை அண்ணி சோப்புப் போட்டுத் துவைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி பண்ணிட்டீங்க?"

"பெரிய மனுஷங்க வர்ற இடத்துக்கு நம்ம அழுக்கையா தூக்கிட்டுப் போவே? உங்க அண்ணன் மானம் என்ன ஆகுறது?"

"அது நம்ம அழுக்கா? அவன் கொட்டுறதுக்கு நீங்க ஏன் வெட்கப்படணும்?"

அதுதான் அவளுக்கு ஆறவில்லை. கொட்டுகிறவன் வெள்ளைச் சட்டையில் திரிகிறான். அதை மூச்சில் வாங்குகிறவள் தலைகுனிகிறாள். கேட்டால் தலையெழுத்தாம். எழுதினவன் கையில்தானே புகைபோக்கி இருக்கிறது.

அண்ணி துணிகளை உதறிக் கொடியில் போட்டாள். சாயங்காலம் எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அத்தனையும் சாம்பல் பூத்து விறைத்துக் கிடந்தன. ஒன்றை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"காலையில என் கையால வெளுத்ததுடி இது."

"இதை அங்க வந்து சொல்லுவீங்களா?"

"எவன் கேட்டாலும் சொல்றேன்."

மறுநாள் கண்காட்சியில் அந்தத் துணிகளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள் அண்ணி. ஆலை அதிகாரி எட்டிப் பார்த்து, "ஏதோ பழந்துணி," என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்ததும் அண்ணிக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. கூடமே திரும்பியது. மேலாளர் பதறி ஓடி வந்தார்.

"இவங்களைக் கொஞ்சம் வெளியே..."

"நீங்க சொன்னபடி ஒலிபெருக்கி வைக்கலைங்களே," என்றாள் கந்தல்காரி. "அண்ணி, நீங்க உட்காருங்க. இருமி முடிச்சிட்டு நிதானமா சொல்லுங்க."