இறக்கிவிட்ட இடம்

முப்பத்தொன்று. இந்த எண்ணை மறக்க வேண்டாம். 1990 ஆவணியில், போருக்குத் தப்பி இந்தியாவுக்குப் புறப்பட்ட பேசாலைச் செலீனா கடல் நடுவே ஒரு மணல்திட்டில் காத்திருந்த மணித்தியாலங்கள் அவை.

தலைமன்னாரில் ஏற்றிய வள்ளக்காரன் அந்தத் திட்டில் எல்லாரையும் இறக்கிவிட்டு, "இந்தியா வந்திட்டுது" என்றான். பொய். இந்தியாவுக்கு இன்னொரு வள்ளம் வரவேண்டியிருந்தது. கொண்டுவந்த தண்ணீர் முதல் நாளே முடிந்தது. இரண்டாம் நாள், மறுகோடியில் ஏதாவது வள்ளம் தெரிகிறதா என்று பார்க்கப் புருசன் சிங்கராசா நடந்தான். அவன் போன பிறகு இந்தப் பக்கம் இராமேசுவரத்து வள்ளம் வந்தது. கடற்படைப் பயத்தில் அது காத்து நிற்கவில்லை. செலீனாவையும் ஆறு வயது மகள் பெற்றிசியாவையும் இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடியது. சிங்கராசாவைப் பிறகு ஒருவரும் காணவில்லை.

அன்றிலிருந்து செலீனாவுக்கு ஒரே சட்டம்: இறக்கிவிட்ட இடத்தை விட்டு அசையக்கூடாது. இந்தியாவின் அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பி, கருவாடு காயவைத்து மகளை வளர்த்து, பாரிசுக்குக் கட்டிக்கொடுத்தாள். மடு மாதா கோயிலுக்குப் போவதென்றாலும் இடையில் பஸ் மாறமாட்டாள். நேரே போகிற பஸ் வரும்வரை நிற்பாள்.

2014இல் பெற்றிசியாவின் தலைக்குள் கட்டி என்றார்கள். செலீனாவுக்கு விசா வந்தது. தம்பி கிறகரி டிக்கெற் போட உட்கார்ந்தான்.

"அக்கா, நேரே போற பிளேன் வெள்ளிக்கிழமைதான். டோகாவில மாறிப் போறதெண்டால் வியாழக்கிழமை."

"மாறுற கதையே வேண்டாம்."

"டோகா என்ன திட்டே? அங்க ஏசி இருக்கு, கக்கூசு இருக்கு."

"திட்டும் மணல், டோகாவும் மணல். எனக்குப் படிப்பிக்காத."

அப்போது பெற்றிசியாவே தொலைபேசியில் வந்தாள். "அம்மா, வெள்ளிக்கிழமை காலமை எட்டு மணிக்கு வெட்டப்போறாங்கள். முழிச்சாப் பிறகு ஆரை எனக்கு அடையாளம் தெரியுமெண்டு டொக்டருக்கே தெரியாதாம். அதுக்கு முதல் உங்களைப் பாக்கவேணும்."

செலீனா தொலைபேசியை வைத்தாள். பிறகு கிறகரியிடம் சொன்னாள்: "வியாழனைப் போடு."

கொழும்பிலிருந்து பக்கத்துச் சீற்றில் வந்தவள், பேசாலைக்குப் பக்கத்துத் தாராபுரத்து உம்மு ஸல்மா. குவைத்தில் வீட்டு வேலை. டோகாவில் அவளும் மாறவேண்டும். இறங்கியதும், "பலகையில வாசல் நம்பர் பாத்துப் போங்கக்கா" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

செலீனா போகவில்லை. வந்து இறங்கிய வாசலுக்கு நேரே ஒரு கதிரையில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு மணித்தியாலம் போனது. மூன்று போனது. நாலும் போனது. சிறுநீர் முட்டியது. எழும்பவில்லை. வேறு சனம் வந்து அந்த வாசலால் ஏறிப் போனது. அவளுடைய விமானம் வரவில்லை.

தன் விமானத்துக்கு நடந்த உம்மு ஸல்மா அந்த வழியால் வந்தாள்.

"அக்கா, இன்னும் இஞ்சயே குந்திக்கொண்டிருக்கிறீங்க?"

"இந்த வாசலிலதானே இறக்கினவன். இதுக்குத்தான் வரும்."

"இது வந்த வாசல். பாரிசு பிளேன் அந்தத் தொங்கலில நிக்குது. எழும்புங்க."

"நான் அங்கால போக, இஞ்ச வந்திட்டால்?" செலீனா கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ர மனுசன் அப்பிடித்தான் திட்டில விடுபட்டவர். தொண்ணூறில."

உம்மு ஸல்மா துணிப்பையைக் கீழே வைத்தாள். "முஸ்லிம் எண்டு எங்களையும் அந்த வருசம்தான் இயக்கக்காரர் துரத்தினவங்க. ஐப்பசியில. கடலால கல்பிட்டிக்குப் போனம். உங்கட ஆக்கள் கரையில நிண்டு பாத்துக்கொண்டிருந்தவங்க."

"நான் ஆவணியிலயே போயிட்டனே, பிள்ளை."

"அப்ப நீங்க பாக்கேல்ல. சரி, எழும்புங்க."

செலீனா எழும்பவில்லை. உம்மு ஸல்மா தன் கைப்பையைக் கழற்றி அவள் தோளில் மாட்டினாள். "என்ட பாஸ்போட், பத்திரம் எல்லாம் இதுக்குள்ள. இதை விட்டிட்டு நான் எங்க போக? உங்களை ஏத்திப்போட்டுத்தான் வாங்குவன்."

செலீனா அந்தப் பையை இறுக்கிப் பிடித்தாள். எழும்பினாள். முதல் பத்து அடியில் மூன்று தரம் திரும்பிப் பார்த்தாள். அந்த வாசலில் ஒன்றும் வரவில்லை. பிறகு இருவரும் ஓடினார்கள். வழியில் மூத்திரம் பெய்ய மட்டும் நின்றார்கள். கடைசி ஆளாய் செலீனா ஏறினாள். உம்மு ஸல்மா தன் பையை வாங்கிக்கொண்டு மற்றப் பக்கம் ஓடினாள்.

வியாழன் மாலை ஆசுபத்திரிக் கட்டிலில், தலை மழித்த பெற்றிசியா தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். சுகம் விசாரிக்கவில்லை. திட்டில் கூட இருந்த பிள்ளை அவள்.

"டோகாவில எத்தினை மணித்தியாலம் காத்துக்கொண்டிருந்தனீங்கள் அம்மா?"

"நாலு."