இருட்டறை வாசலில் ஒரு ஸ்டூல்

அந்த இரும்பு ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. யார் உட்கார்ந்தாலும் ஆடி, லொடக் லொடக்கென்று சத்தம் போடும். டெல்லியில் எங்கள் விமான பிரேக் பட்டறையின் இருட்டறைக் கதவோரம் அது கேட்பாரற்றுக் கிடக்கும். தொண்ணூறுகளின் கடைசியில், பனி மூடிய ஒரு காலையில், பிளானிங் மேடம் அதில் வந்து உட்கார்ந்தார்.

மேடத்துக்குப் பூர்விகம் திருநெல்வேலி, பிறந்து வளர்ந்தது டெல்லி கரோல் பாக். அவர் பேச்சில் இரண்டு ஊரும் சண்டை போடும். விமானங்களை நேரத்துக்குக் கிளப்புவது அவர் வேலை. பிரித்த பிரேக்கில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. எங்களுக்குள் ஏழாம் பொருத்தம் என்று சொல்லவும் வேண்டுமா? விமானம் தாமதமானால் அந்தப் பழியை ஏதாவது ஒரு பிரிவின் பேரில் எழுதியாக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதைத் தள்ளிவிடுவதில் மேடத்தை மிஞ்ச ஆள் கிடையாது. எத்தனை முறை என் தலையில் கட்டியிருக்கிறார்!

பிரேக்கின் அலுமினியக் கூட்டைச் சாயத்தில் முக்கி, கழுவி, காயவைத்து, பொடி தூவி, இருட்டறையில் ஊதா விளக்கின்கீழ் பார்ப்போம். விரிசலுக்குள் புகுந்த சாயம் பச்சையாக ஒளிரும். அன்று ஒரு துளையோரம் மயிரிழைபோல் ஏதோ மினுங்கியது. சரியாகக் கழுவாத சாயமாகவும் இருக்கலாம். முந்தின மாதம்தான் நான் ஒதுக்கிய ஒன்று வெறும் கீறல் என்றாகி, பட்டறையே என்னை ‘ஷக் சாஹிப்’, சந்தேகப் பேர்வழி, என்று கேலி செய்துகொண்டிருந்தது. மாற்றுக் கூடும் கையிருப்பில் இல்லை. மறுபடி சோதித்தால் விமானம் நேரத்துக்குப் போகாது. சோதிக்காமல் விட்டு, அது விரிசலாகவே இருந்தால் ஓடுபாதையில் பிரேக் கைவிட்டுவிடும். கூட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மேடம் வேகமாக வந்தார். “என்ன சார், இன்னுமா பாத்துக்கிட்டிருக்கீங்க? ஜல்தி முடிங்க!” விஷயத்தைச் சொன்னேன். கூட்டை எட்டிப் பார்த்தவர், “சந்தேகமா சார், இல்ல பயமா?” என்றார்.

“ரெண்டும்தான் மேடம்.”

“அச்சா. அப்ப மொதல்லேருந்து பாருங்க. நான் இங்கனயே இருக்கேன்.”

கூட்டை மறுபடி சாயத்தில் முக்கிக் கழுவி எடுத்துக்கொண்டு உள்ளே போனதும், ஸ்டூலை இழுத்துக் கதவை மறித்துப் போட்டுக்கொண்டார். இருட்டுக்குக் கண் பழகும்வரை பேசாமல் நிற்க வேண்டும். நடுவில் கதவு திறந்தால் பழகியதெல்லாம் வீண். நின்றுகொண்டிருந்தபோது வெளியே பெரிய அதிகாரி கத்துவது கேட்டது. “தர்வாஜா நஹீ குலேகா, சார்” என்றார் மேடம். கதவு திறக்காது, வேண்டுமானால் தாமதத்தை பிளானிங் பேரிலேயே எழுதிக்கொள்ளுங்கள் என்று இந்தியிலேயே சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கண் கலங்கி, துடைத்துக்கொண்டுதான் ஊதா விளக்கைப் போட்டேன்.

அதே இடத்தில், அதே கோடு. விரிசலேதான்!

கூப்பிட்டுக் காட்டினேன். “அய்யய்யோ” என்று நெஞ்சில் கைவைத்தார். “விரிசல் இல்லேன்னா நீங்கல்ல மாட்டியிருப்பீங்க?” என்றேன். “இல்லேன்னாலும் பாத்துத்தானே சார் ஆகணும்? போங்க, போயி சாயா குடிங்க.” மறுநாளே வேறொரு தாமதத்தை என் தலையில் கட்டினார் என்பது தனிக்கதை. ஆனாலும் என்ன இருக்கிறதென்று தெரியும் முன்பே அவர் பழியை ஏற்றாரே, அதற்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டவன்.

போன மாதம் சென்னை விமானம் தாமதமானது. பக்கத்து இருக்கைக்காரர், “என்னதான் பண்றாங்களோ!” என்று சீறினார். “யாரோ உள்ள பாத்துக்கிட்டிருக்காங்க சார், பாக்கட்டும்” என்றேன்.

பட்டறை இடம் மாறியபோது அந்த ஸ்டூலைக் கேட்டு வாங்கி வந்தேன். இப்போது எங்கள் வீட்டு பால்கனியில் இருக்கிறது. நான் உட்கார்ந்தால் லொடக்கென்கிறது, பேத்தி உட்கார்ந்தாலும் லொடக்கென்கிறது. அன்று மேடம் அதில் உட்கார்ந்திருக்க, நான் உள்ளே நின்ற நேரம் முழுக்க அதிலிருந்து ஒரு சத்தம்கூட வரவில்லை.