மணப்பாட்டில் நான்கு நாள்

தொண்ணூறுகளில் ஒரு கோடை விடுமுறை. கூட்டமில்லாத கடற்கரையில் நான்கு நாள் சும்மா கிடக்கலாம் என்று, கடிதம் எழுதி அறை பிடித்து, பாளையங்கோட்டையிலிருந்து மனைவியோடு மணப்பாட்டுக்குப் போனேன். இறங்கியதிலிருந்தே மாதா கோயில் மணி, விட்டுவிட்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே இருந்தது.

வீட்டுக்காரர் சாவி கொடுக்க வந்தார். எரிச்சலோடு கேட்டேன்.

"அமைதியா இருக்கும்னு எழுதினீங்களே, அண்ணாச்சி. இந்த மணியை நிப்பாட்டச் சொல்லக் கூடாதா?"

"எங்க அம்மைக்குத்தான் அடிக்காங்க, சார். சாயங்காலம் அடக்கம். அதுக்குப் பெறவு அடிக்க மாட்டாங்க. உங்கள வரச்சொல்லி எழுதிட்டேன்லா, அதான் அறையைத் திறந்து வச்சேன்."

சாவியை வாங்கிக்கொண்டேன். அடக்கத்துக்குப் போகத் தோன்றவில்லை. துக்க வீட்டில் அடுப்பு எரியாததால், அவர் அக்கா வீட்டிலிருந்து எங்களுக்கு வந்த சோற்றைச் சாப்பிட்டோம்.

நான்கு நாளும் தங்கினோம். அடக்கத்துக்குப் பிறகு அந்தத் துக்க மணி அடிக்கவே இல்லை. நான் கேட்டது அப்படியே கிடைத்தது.