பாவுப் பக்கம் வராத குழந்தை

முதல் அறிகுறி ஒரு மின்வெட்டின்போது தெரிந்தது. தொலைக்காட்சி அணைந்தது, எங்கள் கைத்தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றே முக்கால் வயதான என் மகள் மிருதுளா இருண்ட திரையையே பார்த்தபடி அமர்ந்திருந்தாள். தறிக்குழிக்குள் இருக்கும் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு அவள் பெயரைச் சொல்லி அழைத்தேன். திரும்பவில்லை. மூன்றாம் முறை அழைத்தபோது என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

எங்கள் வீடு காஞ்சிபுரத்தில், பட்டு நெய்யும் தெருவில். கரையும் உடலும் வெவ்வேறு நிறத்தில் வரும் கோர்வைச் சேலைக்கு ஒரே தறியில் இருவர் வேண்டும்; நானும் கணவரும் நெய்வோம். நான்கு கைகளுக்கும் வேலை இருக்கையில், குழந்தை தவழ்ந்து வந்து பாவில் (தறியின் நீளவாட்டு இழைகள்) கைவைத்தால் அரைநாள் வேலை போகும். ஆகவே பத்தாம் மாதத்திலிருந்து அவளை எங்கள் முதுகுக்குப் பின்னால், தொலைக்காட்சி முன் அமர்த்தினோம். தறிச் சத்தத்தை மீறிக் கேட்கட்டும் என்று ஒலியையும் கூட்டி வைத்தோம்.

அவள் அசையவில்லை. அதை நல்ல குணம் என்று எண்ணினோம். பக்கத்து வீட்டு அமுதா தன் மூத்த மகனைத் திட்டிக்கொண்டே என்னிடம் சொல்வாள்: “எங்க வூட்டு வாலு பாவ அறுத்துக்கினே இருக்குது. உனக்கின்னாமா, பொம்மையாட்டம் பொண்ணு.” நான் பெருமையுடன் சிரித்திருக்கிறேன்.

செவித்திறன் சோதனையில் குறை ஏதும் இல்லை என்றார்கள். காது கேட்டும் திரும்பாதவள் என்பது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. சோப்பு விளம்பரம் ஒன்றை ராகம் மாறாமல் முழுவதும் சொல்வாள். ஒருநாளும் என்னை அம்மா என்று அழைத்ததில்லை. எதிரொலிப் பேச்சு (கேட்டதைப் பொருளறியாமல் திருப்பிச் சொல்வது) என்றார் குழந்தை மருத்துவர். பிறகு கேட்டார்:

“வீட்ல அவகூட யாருமா பேசுறீங்க?”

“நாள் முழுக்க அவ பக்கத்துலதான் இருக்கேன், டாக்டர்.”

“பக்கத்துல சரி. உங்க முகம் எந்தப் பக்கம் இருக்குது?”

மடியிலிருந்த மிருதுளா அவருடைய மேசைக் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொலைக்காட்சி ஒன்றே காரணம் என்று அவர் சொல்லவில்லை. நானும் உங்களிடம் சொல்ல மாட்டேன். நிறுத்திப் பார்ப்போம், முகம் பார்த்துப் பேசுங்கள், வாரம் இருமுறை பேச்சுப் பயிற்சிக்கு அழைத்து வாருங்கள் என்றார். தொலைக்காட்சிப் பெட்டியைக் கழற்றிய முதல் வாரம், அது இருந்த சுவரில் அவள் தலையை மோதிக்கொண்டாள். அவள் தலைக்கும் சுவருக்கும் நடுவே என் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன்.

தறியைத் திருப்ப முடியாது. குழந்தையைத்தான் எங்கள் முகத்துக்கு எதிரே, இத்தனை நாள் விலக்கி வைத்த பாவின் ஓரத்தில், அமர்த்தினோம். செய்வதையெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டே நெய்தோம். நான்கு மாதம் சுவரோடு பேசியது போலிருந்தது.

ஐந்தாம் மாதம், ஒரு முற்பகலில், சிறு கையொன்று பாவுக்குள் நுழைந்து இழுத்தது. கொத்தாக இழைகள் அறுந்தன. கணவரின் கை ஓங்கி, பாதியில் நின்றது. அவள் என் முகத்தைப் பார்த்தாள், நான் என்ன செய்யப்போகிறேன் என்று.

“அந்துப்போச்சு,” என்றாள். இழை அறும்போதெல்லாம் அவள் அப்பா சொல்லும் சொல்.

“ஆமாடி, அந்துப்போச்சு,” என்றேன். மாலைவரை நானும் கணவரும் அறுந்த இழைகளை முடிந்தோம்.

இப்போது அவளுக்கு மூன்றரை வயது. பேசுகிறாள், வயதுக்குக் குறைவாகத்தான். பொறுத்திருங்கள் என்கிறார் மருத்துவர். மாறியது என் உடல். நேரத்தை நெய்த சேலையின் முழக்கணக்கில் அளந்தவள், அவளுடைய ஒரு சத்தத்திலிருந்து அடுத்த சத்தம்வரை அளக்கிறேன். இடைவெளி நீண்டால் கால் தானாக மிதியில் நின்றுவிடுகிறது.

நேற்றும் நின்றது. மிருதுளாவோ எதிரே நூல்கண்டோடு பேசிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அப்பால், அமுதாவின் வீட்டில், காலையிலிருந்து விளம்பரப் பாட்டுகள். அவளுடைய இளைய மகனுக்குப் பதினோரு மாதம். அவனுடைய அழுகையோ சிரிப்போ ஒருமுறைகூடக் கேட்கவில்லை. குழாயடியில் அவள் சொன்னது நினைவுக்கு வந்தது: “சின்னவன் சமத்துமா. பாவு பக்கமே வர்றதில்ல.”

தறிக்குழியிலிருந்து எழுந்தேன்.