வாழைத்தண்டுச் சாறும் ஒரு துண்டு மாம்பழமும்

செருப்பின் வார்தான் முதலில் காட்டிக்கொடுத்தது. சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் எடை போடுவது என் வேலை. ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால், வார் அழுந்திய பள்ளம் காலில் அப்படியே நிற்கிறது. நாள் முழுக்க நிற்கிறோமே, அதனால்தான் என்று இருந்துவிட்டேன். முகமும் வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் அப்பாவோ அம்மாவோ இந்த நோயோடு இருக்கலாம். பெரியவர்கள் உங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுப் பேசுவார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

என் இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியே தள்ளவேண்டிய கழிவு) மிகவும் கூடியிருந்தது. இரண்டு சிறுநீரகமும் பெரும்பகுதி செத்துவிட்டன என்றார் டாக்டர். உப்பைக் குறைக்கச் சொன்னார். மற்ற சாப்பாடு பற்றி அடுத்த முறை பேசலாம் என்றார்.

என் மகள் பவானி ஏழாவது படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டேஷன் பக்கம் கூடும் சந்தைக்கு நானும் அவளும் போவது வழக்கம். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து விவசாயிகள் முதல் ரயிலில் கூடைகளோடு வந்து இறங்குவார்கள். தை மாதம் பச்சை மொச்சை, சித்திரையில் வெள்ளரிப்பிஞ்சும் நுங்கும். லாரிப் புழுதியிலேயே கிடக்கிற எங்களுக்கு வாரத்தில் அந்த ஒரு காலைதான் பச்சையாக இருக்கும்.

அங்கே வாழைத்தண்டு விற்கும் அக்கா என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"இன்னா நைனா, மூஞ்சி இப்டி ஊதிக்கீது?"

"கிட்னில கோளாறுக்கா."

"அட, இதுக்கா பேஜாராவுற? தண்டு சாறு புழிஞ்சு வெறும் வயித்துல குடி. சொம்மா கழுவி வுட்டுரும். பாப்பா, நீ புழிஞ்சு குடும்மா."

எங்கள் தெருவில் கல்லடைப்புக்கு எல்லாரும் குடித்ததுதான். பவானி தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் தண்டை நறுக்கி, நாரெடுத்து, அரைத்து ஒரு டம்ளர் கொடுத்தாள். "மூக்கப் புட்ச்சிக்கினு குடி நைனா, ஸ்கூலுக்கு டைமாச்சு" என்பாள். கூடவே கீரை, தக்காளி, கொய்யா என்று நல்லதையெல்லாம் சேர்த்துக்கொண்டோம்.

ஒரு காலை எடைமேடையில் நிற்கிறேன், கால்கள் என்னுடையவையாக இல்லை. நெஞ்சு ஒருமுறை அடித்துவிட்டு, அடுத்ததற்கு யோசித்தது. விழுந்துவிட்டேன்.

"பொட்டாசியம் ரொம்ப ஏறிடுச்சும்மா" என்று, நான் என்னென்ன சாப்பிட்டேன் என்று கேட்டறிந்த டாக்டர் என் மனைவியிடம் சொன்னார். பொட்டாசியம் என்றால் காய், பழம், கீரையில் இருக்கும் ஒருவகைச் சத்து. "நமக்குன்னா சிறுநீர்ல போயிடும். இவருக்கு வெளியே போக வழியில்ல. அந்த வாழைத்தண்டுச் சாறு இதயத்தையே நிறுத்தியிருக்கும்."

பவானி கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறாள். அது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதன்பின் டயாலிசிஸ் (இரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து, திரும்ப உடம்புக்குள் விடுவது). வீட்டில் காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, பொட்டாசியம் இறங்கிய அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு எனக்குத் தருகிறார்கள். பச்சையெல்லாம் சாக்கடைக்குப் போகும். தட்டுக்குச் சக்கைதான் வரும்.

பவானி சந்தைக்கு வருவதை நிறுத்தினாள். பழம் எதையும் தொடவில்லை. தோள் எலும்பு தெரிய மெலிந்தாள். ஒரு நாள் அவள் அம்மா கொய்யாவை நீட்டித் திட்டியபோது வெடித்துவிட்டாள்.

"நான்தான நைனாவுக்கு வெசம் குட்த்தேன்! எனக்கு இன்னாத்துக்குப் பழம்?"

உங்களில் யாருக்காவது இப்படி ஓர் எண்ணம் இருந்தால் கேளுங்கள். நோய் முன்பே வந்துவிட்டது. நீங்கள் கொடுத்ததால் வரவில்லை. பெரியவர்களான எங்களுக்கே தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரியும்? இதைப் பவானியிடம் எத்தனையோ முறை சொன்னேன். அவள் நம்பவில்லை.

டயாலிசிஸில் என் பக்கத்துக் கட்டில் காத்திவாக்கத்து மீனவர் ஒருவருடையது. ஒரு நாள் இயந்திரம் ஓடத் தொடங்கியதும் டப்பாவைத் திறந்து ஒரு துண்டு மாம்பழம் தின்றார். நான் பதறினேன்.

"பயப்படாத மாமு. மொத ஒரு மணி நேரத்துல துன்னா மெஷினே இஸ்துக்கும். டாக்டரக் கேட்டுக்கினுதான் துன்றேன்."

நானும் டாக்டரைக் கேட்டேன். என் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "ஒரு சின்னத் துண்டு. இங்கே வச்சு மட்டும்" என்றார். (நீங்கள் உங்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் கொடுத்துவிடாதீர்கள்.)

பவானியிடம் சொன்னேன். "நீ பார்த்து வாங்கினாதான் துன்னுவேன். மிச்சத்த நீ துன்னணும். இல்லன்னா எனக்கும் வாணாம்."

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு போய், காம்பை முகர்ந்து பார்த்து ஒரு பழம் எடுத்தாளாம். மறுநாள் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, என் துண்டை டப்பாவில் போட்டு நர்ஸிடம் கொடுத்துவிட்டு, மிச்சத்தோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மீனவரின் கட்டிலில் அன்று வேறொருவர் படுத்திருந்தார். நர்ஸைக் கேட்டேன். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், இனி இல்லை என்பதுபோல் தலையை மட்டும் அசைத்தார். கொஞ்ச நேரம் என்னால் டப்பாவைத் திறக்க முடியவில்லை. பிறகு திறந்தேன். துண்டு நாக்கிலேயே கரையும்வரை வைத்திருந்தேன்.

இப்போது என் உடம்பு பாதி எனக்குள்ளும் பாதி அந்தக் குழாயிலும் இருக்கிறது. மாம்பழக் காலம் என்பது ஊசி குத்திய பின் வரும் ஒரு மணி நேரம். அடுத்த சித்திரையை நான் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை.

முடிந்து வெளியே வந்தேன். பெஞ்சில் பவானி தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில் மாங்கொட்டை, நார் வெளுக்கச் சப்பியது. எழுப்ப மனம் வரவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.