கைவேகம்

ஏறாவூரில் றுமைஸாவின் இடியப்பத்தைச் சாப்பிடாதவர்கள் குறைவு. சாப்பிட்டவர்களில் அவள் பெயரைத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து வரும்போது கடையில் ஆவி பறக்கும் இடியப்பம் இருக்கவேண்டும். யாருடைய கை அதைப் பிழிந்தது என்று கேட்டுக்கொண்டு நிற்பதற்கு யாருக்கு நேரம்?

ஆனால் அயலில் அந்தக் கைக்குப் பெயர் இருந்தது. பானையில் வைத்த தட்டில் ஆவி ஏறுவதற்குள் அடுத்த தட்டைப் பிழிந்துவிடுவாள். இடியப்பம் கடைக்குப் போனதும் இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தி, துணி துவைத்து, வளவு முழுக்கக் கூட்டுவாள். உட்கார்ந்தாலும் முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

"என்ட மூத்தவள் மெசின்கா," என்று உம்மா ஸஹீதா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். "ராவும் இல்ல பகலும் இல்ல அவளுக்கு."

பிறவியிலேயே அவள் அப்படி இருந்ததில்லை. இரண்டு வருடத்துக்கு முன்புவரை எல்லாரையும்போல ஒரு பெண்தான். பிறகுதான் இந்த வேகம் வந்தது. வேகத்தோடு பசியும் வந்தது; ஆம்பிளைகள் தின்கிற சோற்றைத் தின்றாள். தின்னத் தின்ன மெலிந்தாள். உடம்பு குறைக்க விடியற்காலையில் வாவிக்கரை றோட்டில் நடக்கிற பெண்களுக்கு அதுதான் ஆற்றாமை.

"என்னகா, திண்டு திண்டு காயிறாய்?" என்பாள் பக்கத்து வளவு றபீக்கா. "நாங்க வாவிக்கரைய அளந்து அளந்து செருப்புத்தான் தேஞ்சிச்சு. அந்த மருந்த எங்களுக்கும் சொல்லன்."

"இடியப்பம் பிழியுங்க, தானா மெலிவீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். உழைப்புத்தான் காரணம் என்று அவளே நம்பியிருந்தாள்.

படுத்தால் நெஞ்சு அடிக்கிற சத்தம் காதுக்குள் கேட்டது. குளித்துத் தலை துவட்டும் முன்னே வியர்த்தது. மாதவிலக்கு எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. இவ்வளவு வேகமான பெண்ணுக்குக் குந்தியிருக்கும் பலகையிலிருந்து எழும்பச் சுவரைப் பிடிக்கவேண்டியிருந்தது. இதையெல்லாம் யாரிடம் சொல்வது? கேட்டால்தானே சொல்வதற்கு. கழுத்து வீங்கியிருந்ததையும் முக்காடு மறைத்துவிட்டது.

அவள் நின்றுவிட முடியாததற்கு ஒரு காரணம் வளவுக்குள்ளேயே பாதி எழும்பி நின்றது. இந்தப் பக்கத்தில் கல்யாணம் முடித்த பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை; மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவான். அந்த வீட்டைப் பெற்றவர்கள் கொடுக்கவேண்டும். ஸஹீதா தான் குடியிருந்த ஓட்டு வீட்டை றுமைஸாவின் பெயரில் எழுதிவிட்டு, இளையவள் நிஸ்றாவோடு பின்பக்கக் கொட்டிலுக்கு ஒதுங்கினாள். வாப்பா இல்லை; மௌத்தாகிவிட்டார். நிஸ்றாவுக்கும் மாப்பிள்ளை பேசியாயிற்று. அவளுக்கு வீடு? இடியப்பத்தால்தான் அந்தச் சுவர்கள் எழும்பின. கூரைதான் மிச்சம்.

ஒருநாள் பிள்ளை நிறுக்க அயலுக்கு வந்த மிட்வைஃப் பஹீமா தண்ணீர் கேட்டு உள்ளே வந்தாள். அடுப்படிச் சூடு தாங்காமல் றுமைஸா முக்காட்டைக் கழற்றிப் போட்டிருந்தாள்.

"றுமைஸா, ஒன்ட கழுத்த ஒருக்காக் காட்டு."

"என்னத்துக்கு மிஸ்ஸி? கழுத்தில ஒண்டும் இல்ல. போட்டதெல்லாம் அடகுக் கடையில."

பஹீமா சிரிக்கவில்லை. "இந்தா, தண்ணிய முழுங்கு," என்றாள். விழுங்கியபோது கழுத்துக்குள் ஒரு கட்டி மேலே ஏறி இறங்கியது.

இரத்தம் சோதித்துப் பார்த்த பெண் டொக்டர் பொறுமையாகத்தான் விளங்கப்படுத்தினாள். "கழுத்தில தைரொயிட் எண்டு ஒரு சுரப்பி இருக்கு. உடம்பு எவ்வளவு வேகமா எரியவேணும் எண்டு அதுதான் சொல்லுறது. உங்கட சுரப்பி அடுப்பை முழுசாத் திறந்து விட்டிருக்கு. நீங்க சும்மா படுத்திருந்தாலும் உடம்பு ஓடிக்கொண்டுதான் இருக்கும். தின்னுறது காணாமத் தசையையும் எரிக்குது. அதுதான் எழும்ப ஏலாமக் கிடக்கு."

"அப்ப என்ட கைவேகம்?"

"அதுவும் இந்த வருத்தம்தான் அம்மா."

அயலெல்லாம் இரண்டு வருடமாகப் புகழ்ந்தது அவளை அல்ல, அவளுடைய நோயை.

டொக்டர் கொடுத்த குளிசை வேலை செய்யச் சில வாரங்கள் எடுத்தன. முதலில் தூக்கம் வந்தது. பிறகு நெஞ்சடிப்பு அடங்கியது, கன்னம் தேறியது. கூடவே அவளே மறந்துபோயிருந்த ஒருத்தியும் திரும்பி வந்தாள்: எல்லாரையும்போல வேலை செய்கிற, இடையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிற ஒரு பெண். அவளை வீட்டில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

"கடைக்காரன் ஏசுறான்," என்றான் அவள் மாப்பிள்ளை அஸ்கர். இடியப்பத்தை ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுப்பது அவன்தான். "முந்தின றுமைஸா எங்க எண்டு கேக்கிறான்."

"நீங்க என்ன சொன்ன?"

"நானும் அவளத்தான் தேடுறன் எண்டன்."

உம்மா நேரடியாகவே கேட்டாள். "மனே, அந்தக் குளிசைய கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டேலாதா? கூரை ஏறட்டும். மறுகா ஆயுசுக்கும் போடன்."

"டொக்டர் ஏசுவா உம்மா."

"டொக்டரா வந்து ஒன்ட தங்கச்சிக்கு ஊடு கட்டப்போறா? நான் இரிந்த ஊட்ட ஒனக்குத் தந்திட்டுக் கொட்டிலுக்க கிடக்கன். ஒரு நாளாவது களைப்பு எண்டு சொன்னனா?"

றுமைஸா குளிசையை நிறுத்தினாள். உம்மாவுக்காக மட்டுமல்ல, மெசின் என்று கேட்காத காது அவளுக்கும் வெறுமையாக இருந்தது. கொஞ்ச நாளில் வேகம் திரும்பி வந்தது, பசி வந்தது, நெஞ்சடிப்பு வந்தது. உம்மாவின் முகம் மலர்ந்தது. கூரைக்கு மரம் ஏறியது. நிஸ்றா மட்டும் ஒருநாள், "ராத்தா, ஒங்கட கண் ரெண்டும் பிதுங்கிக் கிடக்கு," என்றாள். சொல்லிவிட்டு அவளும் தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

மா குழைக்கக் கொதிதண்ணிச் சட்டியை எடுத்துக்கொண்டு எழும்பியபோது றுமைஸாவின் முழங்கால்கள் மடங்கின. தண்ணீர் சீமெந்துத் தரையில் ஓடி நிஸ்றாவின் பாதத்தைச் சுட்டது. உம்மா கொட்டிலிலிருந்து ஓடி வந்தாள்.

"ஐயோ, கலியாணப் புள்ளட கால்!"

கலியாணப் பிள்ளையின் காலுக்குப் பக்கத்தில் மூத்தவள் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்தாள். கையில் அமுக்கிப் பிடித்த கோழிபோல அவள் நெஞ்சு துடித்தது.

ஆஸ்பத்திரி வாட்டில் வைத்துக் கொஞ்ச நாள் பார்த்தார்கள். "இன்னொருக்கா நிப்பாட்டினா இதயம் தாங்காது," என்றாள் டொக்டர். அஸ்கரும் உம்மாவும் தலையாட்டினார்கள். வீட்டுக்கு வந்த அன்று உம்மா கோழி சூப் கொண்டுவந்து பக்கத்தில் இருந்தாள். கரண்டியால் துழாவிக்கொண்டே சொன்னாள்: "ஓடு மட்டும்தான் மிச்சம், மனே."

றுமைஸா அவளைப் பார்த்தாள். "உம்மா, இந்த ஊட்ட நிஸ்றாக்கு எழுதித் தாறன். எனக்கு அந்த ஓடு போடாத ஊடு போதும். தகரம் போட்டுக்கிறன். ஆனா குளிசைய உடமாட்டன்."

சொல்லும்போது அவள் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்றுதான். உம்மா கோப்பையை வைத்துவிட்டு, "என்ன கதை கதைக்கிறாய்" என்று அழவேண்டும். உம்மா சூப்பைத் துழாவிக்கொண்டிருந்தாள். துழாவி, ஊதி, ஒரு கரண்டியை நீட்டினாள்.

"நீயாத்தான் சொன்ன. மறுகா நான் பறிச்சன் எண்டு ஊருக்குச் சொல்லாத."

அஸ்கர்தான் குதித்தான். "நான் கலியாணம் முடிச்சது இந்த ஓட்டு ஊட்டில. தகரத்துக்க கிடக்க இல்ல."

"அப்ப இந்த ஓட்டத்தான் முடிச்சிரிக்கணும் நீங்க."

நிஸ்றாவின் கல்யாணம் ஓட்டு வீட்டில் நடந்தது. காலின் தழும்பை மருதாணி மறைத்தது. வந்தவர்கள் வீட்டைப் பார்த்துவிட்டு, தாய்க்காரி தனியாளாய் நின்று இளையவளையும் கரை சேர்த்துவிட்டாள் என்றார்கள். ஸஹீதா, "அல்லாஹ்தான்," என்று கையை உயர்த்தினாள்.

றுமைஸா இப்போது பூசாத சுவர்களுக்குள் இருக்கிறாள். அஸ்கர் தன் உம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுக்க மட்டும் வருகிறான். ஒரு கடைக்குத்தான் இடியப்பம் போகிறது; அதுவும் அவளுக்கு ஏலுமான அளவு. பிழிந்து அனுப்பிவிட்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். றபீக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "கடைசியில எங்கட கட்சிக்கே வந்திட்டாய் கிளி," என்று சிரிக்கிறாள்.

உம்மாவைப் பார்க்க யாரோ வந்திருக்கிறார்கள். கொட்டில் பக்கமிருந்து பேச்சுக் கேட்கிறது.

"மூத்தவள் எங்க, காணல்ல?"

"அவளா?" உம்மா சத்தத்தைக் குறைக்கவில்லை. "படுக்கிறாள். சோம்பேறி."

றுமைஸாவுக்குக் கேட்டது. கையை நீட்டிக் குளிசை மட்டையை எடுத்தாள். ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீரோடு விழுங்கினாள். தலைக்கு மேலே தகரம் சூடேறத் தொடங்கியிருந்தது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.