எத்தனையாவது சொட்டில் நிறம் மாறும்

கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் அந்தப் பட்டறையில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். வயது ஐம்பத்திரண்டு. கத்தரியைக் கையில் எடுத்தால் இரண்டாம் முறை அளவெடுக்க மாட்டார். நூல்கண்டை மட்டும் ஒவ்வொரு முறையும் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் எண்ணைப் படித்துவிட்டுத்தான் இயந்திரத்தில் மாட்டுவார். அது அவருடைய ஒழுங்கு என்று பட்டறையில் நினைத்தார்கள்.

உண்மை வேறு. அவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரியாது. இருபது வயதில் ரயில் ஓட்டும் வேலைக்குப் போனபோது, புள்ளி புள்ளியாக ஒரு அட்டையைக் காட்டி அதில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்கள். புள்ளிகள் தெரிந்தன, எண் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, உயரம் போதவில்லை என்று அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னார். அன்று வாயில் வந்த பொய் அப்படியே தங்கிவிட்டது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம் ஆகிறது, மனைவிக்கும் தெரியாது.

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். சீட்டில் டாக்டர் கிறுக்கியதைப் படித்து மாத்திரை எண்ணிக் கொடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. குழந்தை இல்லாத வீடு. ஆறு வருடத்துக்கு முன்பு கூடத்தில் ஓர் அறுபது லிட்டர் கண்ணாடித் தொட்டியை வைத்து, அதற்குள் ஒரு சின்னக் கடலைக் கொண்டுவந்துவிட்டாள். நாலைந்து பவளங்கள், கோமாளி மீன் ஒரு ஜோடி, மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்துவிடும் ஓர் இறால். பவளங்களில் அவளுக்கு உயிர், சுத்தியல் பவளம். ஒவ்வொரு விரலின் நுனியும் சுத்தியல் தலை மாதிரி இருக்கும். விரல்கடை அளவில் வாங்கி வந்தது, இரண்டு கை விரித்த அகலத்துக்கு வளர்ந்திருந்தது.

"அந்தப் பச்சையப் பாருங்க, கண்ணப் பறிக்குது" என்பாள். "ஆமாமா" என்பார் மாஸ்டர். அவர் பார்த்தது நிறத்தை அல்ல, அசைவை. தண்ணீர் தள்ளுகிற பக்கமெல்லாம் சாய்ந்து சாய்ந்து நிமிரும் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு அவரால் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க முடியும்.

வெளியூரில் இருந்த அவளுடைய அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். பார்த்துக்கொள்ள ஆளில்லை. மூன்று வாரத்தில் வந்துவிடுகிறேன் என்று மனைவி கிளம்பினாள். கிளம்புவதற்கு முன்னால் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிவைத்தாள். எவ்வளவு தீனி, எப்போது விளக்கு, குறையும் தண்ணீருக்கு எந்தக் கேனிலிருந்து ஊற்றுவது. கடைசியில் தண்ணீரின் காரத்தன்மை. பவளம் எலும்பு கட்ட அது வேண்டும், நாள்தோறும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், குறைகிற அளவுக்குச் சமையல் சோடா கரைத்த தண்ணீர் விட வேண்டும் என்று விளக்கினாள்.

"காரம் கம்மியானா மிளகாய் போட்டுட வேண்டியதுதானே?" என்றார் மாஸ்டர்.

"விளையாடாதீங்க. இது கடல் இல்ல, வாளித் தண்ணி. கொஞ்சம் தப்பினாலும் மொத்தமும் போயிடும்."

சோதிக்கும் முறையைச் செய்தே காட்டினாள். சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீர், அதில் இரண்டு சொட்டு மருந்து. தண்ணீர் பச்சையாகும். பிறகு இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். பச்சை மறைந்து இளஞ்சிவப்பாகும் சொட்டு எத்தனையாவதோ, அதுதான் கணக்கு. எட்டு என்றால் சரி. குறைந்தால் ஐந்து மில்லி சோடா. ஒன்பதைத் தாண்டினால் கைவைக்கக் கூடாது.

"பாத்தீங்களா, எட்டாவதுல எப்படி மாறுது?"

மாஸ்டர் குப்பியைப் பார்த்தார். ஏழாவதும் எட்டாவதும் அவர் கண்ணுக்கு ஒரே மங்கல். "பாத்தேன்" என்றார். தன் கண்ணைப் பற்றிச் சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் வாய்த்திருக்காது. ஆனால் பையும் கையுமாக நின்றவளிடம், அக்காவை நினைத்துக் கலங்கியிருந்தவளிடம், எப்படிச் சொல்வது என்று சமாதானம் செய்துகொண்டார்.

முதல் சோதனையில் ஆறாவது சொட்டிலேயே ஏதோ வெளுத்த மாதிரி இருந்தது. ஆறு என்று எழுதி, ஐந்து மில்லி விட்டார். மறுநாளும் ஆறு. அதற்கடுத்த நாள் ஐந்தோ ஆறோ, சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தும் பிடிபடவில்லை. விட விட ஏறவில்லையே என்று பயம் வந்து, பத்து மில்லியாக்கினார். ஒரு வாரத்தில் காலையில் பத்து, மாலையில் பத்து என்றாகிவிட்டது.

இரண்டாம் வாரத் தொடக்கத்தில் ஒரு காலை. சுத்தியல் பவளம் விரலை முழுக்க நீட்டவில்லை. மதியம் சாப்பிட வந்தபோதும் அப்படியே. மறுநாள் ஓர் ஓரத்தில் சதை சுருங்கி, வெள்ளை எலும்பு நகத்தளவு வெளியே தெரிந்தது. பக்கத்திலிருந்த சின்னக் கிளைப்பவளத்தின் நுனிகள் சூடுபட்டாற்போல் வெந்திருந்தன. காரம் போதவில்லை, அதனால்தான் எலும்பு தெரிகிறது என்று மாஸ்டரின் புத்தி சொன்னது. பதினைந்து மில்லி விட்டார்.

அரைமணி நேரத்தில் தொட்டி பால் கலந்தாற்போல் வெளுத்தது. மோட்டார் முனகியது. கழற்றிப் பார்த்தால் உள்ளே சுண்ணாம்பு அப்பியிருந்தது. அன்று சாயங்காலம் இறால் ஒரு மூலையில் மல்லாந்து கிடந்தது. மீன் இரண்டும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மாஸ்டர் தொட்டியின் முன்னால் முட்டி போட்டுக்கொண்டு, யாரிடம் என்று தெரியாமல், "போயிடாதீங்க, போயிடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மனைவி தினமும் கூப்பிட்டாள். அக்காவைத் திருப்பிப் படுக்க வைக்கவே இரண்டு பேர் வேண்டியிருக்கிறது என்றாள். தூக்கமில்லாத குரல். சுத்தியல் எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, ஜம்மென்று இருக்கிறது என்றார். ஒரு போட்டோ அனுப்புங்கள், பார்த்தாலாவது கொஞ்சம் தெம்பாக இருக்கும் என்றாள். மாஸ்டர் வியர்த்துப்போய் கைபேசியைத் துழாவினார். போன வருடம் எடுத்த படம் ஒன்று இருந்தது. விரல்கள் முழுக்க விரிந்த படம். அனுப்பிவிட்டார். பார்த்ததற்கு அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

மறுநாள் பட்டறையில் முதல்முறையாக ஓர் உறையைத் தப்பாக வெட்டினார். அரைநாள் லீவு கேட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போய் ஒரு பாட்டில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு மீன்கடைக்கு ஓடினார். கடல் உப்புத் தூள் விற்கிற அந்தக் கடைக்காரருக்கு அவர்கள் வீட்டில் வைத்த பெயர் உப்பண்ணன். அவர் எண் காட்டும் ஒரு சின்னக் கருவியில் தண்ணீரை வைத்து அழுத்தினார். பார்த்தார். இன்னொரு தடவை அழுத்தினார்.

"பதினாலு காட்டுதே மாஸ்டர். என்னத்த ஊத்துனீங்க?"

"எனக்கு ஆறுதான் வந்துச்சு."

மருந்து கெட்டிருக்கும் என்று சொல்லி, உப்பண்ணன் தன்னுடைய புது மருந்தை எடுத்தார். நீங்களே விடுங்கள், எங்கே தப்புகிறது பார்ப்போம் என்றார். மாஸ்டர் விட்டார். நாலு, ஐந்து, ஆறு. கை நின்றது. "மாறிடுச்சு" என்றார்.

உப்பண்ணன் குப்பியைப் பார்த்தார், மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். கடையில் வேறு யாரும் இல்லை. மோட்டார்களின் இரைச்சல் மட்டும்.

"இன்னும் பச்சப்பசேல்னு இருக்கு மாஸ்டர்" என்றார் மெதுவாக. "உங்களுக்குக் கலர் தெரியாதா?"

முப்பத்திரண்டு வருடமாக யாரும் கேட்காத கேள்வி. மாஸ்டர் இல்லை என்று தலையாட்டினார். பிறகு, அப்படியெல்லாம் இல்லை என்று அவர் எடுத்துக்கொண்டுவிடுவாரோ என்று கவலைப்பட்டு, வாய்விட்டும் சொன்னார். "தெரியாது."

உப்பண்ணன் அதற்கு மேல் துருவவில்லை. சோடாவைத் தொடவே கூடாது என்றார். புதுசாக உப்புத்தண்ணீர் கலக்கி, அதே சூட்டில், அதே உப்பளவில், ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் மாற்ற வேண்டும். மொத்தத்தையும் ஒரே மூச்சில் மாற்றினால் மிச்ச உயிரும் போய்விடும். சுத்தியல் பிழைக்குமா என்று மாஸ்டர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், கருவியைத் துணியில் துடைத்து, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுங்கள் என்று அவர் கையில் வைத்தார்.

வீட்டுக்கு வந்து உப்பைக் கரைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அந்தப் போட்டோவப் பெருசு பண்ணிப் பாத்தேன்" என்றாள் மனைவி. "தொட்டிக் கண்ணாடியில நான் நிக்கிறேன்."

மாஸ்டர் வாளியின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"செத்துப்போச்சா?" என்று கேட்டாள்.

அவர் சொல்ல ஆரம்பித்தார். முன்னும் பின்னுமாக வந்தது. முதலில் இறால், அப்புறம் சோடா, உப்பண்ணனின் கருவி, ஆறாவது சொட்டு. கடைசியில்தான் ரயில் வேலையும் புள்ளி அட்டையும். கட்டாகிவிட்டதோ என்று இரண்டு தடவை "ஹலோ" என்றார்.

"இருக்கேன்" என்றாள். பிறகு, "வாசக் கதவுக்கு அந்தப் பச்சைதான் வேணும்னு நின்னீங்களே? நாலு பேர் சிரிச்சாங்க. உங்களுக்குப் புடிச்சிருக்கேன்னு நானும் வாய மூடிக்கிட்டேன்."

"நான் அது மண்கலர்னு நெனச்சேன்."

"அப்ப பத்தொன்பது வருஷமா நான் காட்டுனதுக்கெல்லாம் ஆமாம் ஆமாம்னீங்களே, அதெல்லாம் என்ன?"

அக்கா கூப்பிடுகிறாள் என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள். அடுத்த நான்கு நாள் போன் வரவில்லை. அவர் கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை.

அந்த நான்கு நாளும் மாஸ்டர் பட்டறைக்குப் போகவில்லை. காலையில் எழுந்து உப்புக் கலப்பார், சூடு பார்ப்பார், பத்து லிட்டரைக் குழாய் வைத்து இறக்குவார், பத்து லிட்டரைத் துளித்துளியாக ஏற்றுவார். கருவி பன்னிரண்டு காட்டியது, பிறகு பத்தரை. எண் இறங்க இறங்க, சுத்தியலின் எலும்பும் வெளியே வந்துகொண்டே இருந்தது. கரைந்து வரும் சதையைச் சின்னக் குழாயால் உறிஞ்சி எடுத்தபோது, கெட்ட முட்டை நாற்றம் அடித்தது. மாற்றக் கூடாத வேகத்தில் மாற்றிவிடலாமா என்று இரண்டு தடவை முழு வாளியையும் தூக்கிவிட்டார். இரண்டு தடவையும் கீழே வைத்தார். தப்பு தெரிந்த பிறகும் மெதுவாகவே போக வேண்டியிருக்கிறதே, அதுதான் அவரை அரித்தது.

ஐந்தாம் நாள் கருவி எட்டரை காட்டியது. சுத்தியலில் சதை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. கிளைப்பவளமும் போய்விட்டது. காளான் போல ஒட்டிக்கொண்டிருக்கும் மட்டமான பவளங்கள் மூன்று பிழைத்தன. மீன் இரண்டும் பிழைத்தன. சுத்தியலில் வளைய வந்தே பழகிய அவை, வெற்று எலும்பின் மேல் உடம்பைத் தேய்த்துப் பார்த்துவிட்டு விலகின. செத்த எலும்பை எடுத்துவிட வேண்டும் என்று நோட்டில் இருந்தது. எடுத்தார். கையில் அது இவ்வளவு கனக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. குப்பையில் போட மனம் வராமல், வாளியில் வைத்து மூடினார்.

மனைவி சொன்ன நாளுக்கு ஐந்து நாள் கழித்து வந்தாள். பையை இறக்கிவைத்துவிட்டு நேராகத் தொட்டிக்குப் போனாள். நடுவிலிருந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை, திட்டவில்லை. நோட்டைப் பிரித்து, ஆறு, ஆறு, ஐந்து, ஆறு என்று அவர் எழுதியிருந்ததை விரல் வைத்துப் படித்தாள். மருந்துக்கடையில் சீட்டுப் படிக்கிற அதே முகம். வாளியைத் திறந்து காட்டினார். ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மூடினாள்.

இருவரும் சாப்பிட்டார்கள். தட்டைக் கழுவ எழுந்தவள், பாதியில் நின்று கேட்டாள்.

"என் தலை நரைச்சதாவது தெரியுதா உங்களுக்கு?"

"அது நல்லாவே தெரியுது" என்றார் மாஸ்டர்.

அவள் உதடு ஒரு பக்கம் கோணியது. சிரிப்பாக வந்திருக்க வேண்டியது, வரவில்லை. தட்டோடு உள்ளே போய்விட்டாள். மாஸ்டர் எழுந்து, உப்பண்ணனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டிய கருவியில் அன்றைய தண்ணீரை வைத்து அழுத்தினார். எட்டு புள்ளி இரண்டு. நோட்டில் எழுதும்போது அவள் பின்னால் வந்து நின்றது தெரிந்தது. அவள் அங்கிருந்து போகவில்லை.